"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று வரும் ஈமெயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் கணினி வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு முடிகிற நேரம் பார்த்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு "மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஆட்கள் வருவார்கள். நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். காட்டுகிற ஈமெயில் வேறு வேறாக இருக்கும், கேட்கிற சந்தேகம் அநேகமாக ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். அவசரமென்றால் முதல் நாலையும் மட்டும் வாசியுங்கள். மற்றவை ஏற்கெனவே கொஞ்சம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

எனக்கு ஒரு மில்லியன் டொலர் விழுந்திருக்குன்னு ஈமெயில் வந்திருக்கு. உண்மையா இருக்குமா மிஸ்?

இருக்காது. டொலரோ பவுணோ யூரோவோ, நீங்கள் கலந்துகொள்ளாத குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழ வழியே இல்லை. பஸ் ஸ்டாண்டில் சுவீப் டிக்கட் வாங்கினால் கையில் ஒரு டிக்கட் இருக்கும், அதில் இலக்கம் இருக்கும், சீட்டிழுப்புத் திகதி இருக்கும். இந்த ஈமெயில் பரிசுக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது?

நான் டிக்கட் எதுவும் வாங்கலதான். ஆனா கம்பியூட்டரே உலகத்துல உள்ள ஈமெயிலை எல்லாம் குலுக்கிப்போட்டு என்னோடதை எடுத்துச்சாம். அப்படி நடக்காதா?

நடக்காது. லொத்தரில் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். டிக்கட் வாங்கின ஆயிரக்கணக்கானவர்களின் காசுதான் ஒருவருக்குப் பரிசாகப் போகிறது. 1963ஆம் ஆண்டு தொடங்கிய நம் தேசிய லொத்தர் சபையும் அப்படித்தான், அபிவிருத்தி லொத்தர் சபையும் அப்படித்தான். டிக்கட்டே விற்காமல் ஈமெயில் விலாசங்களுக்குக் கோடிக்கணக்கில் அள்ளிக்கொடுக்கிற சபை எந்த நாட்டிலும் இல்லை.

இந்தக் கடிதங்களில் அடிக்கடி வருகிற பெயர்களையும் பார்த்துவிடுவோம். பிரிட்டனின் தேசிய லொத்தர் நிஜமாகவே இருக்கிறது, 1994இலிருந்து நடக்கிறது, ஆனால் அதற்கு டிக்கட் வாங்க வேண்டும். ஸ்பெயினில் டிசம்பர் 22ஆம் திகதி நடக்கும் 'எல் கோர்டோ' சீட்டிழுப்பும் நிஜம்தான், அதற்கும் டிக்கட் வேண்டும். 'மைக்ரோசொஃப்ட் லொத்தர்' என்று ஒன்று கிடையவே கிடையாது, அதை அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வருகிற வருடங்களில் ஃபீஃபா பெயரிலும் கடிதங்கள் வரும். பெயர் நிஜமானது என்பதற்காகக் கடிதமும் நிஜமாகிவிடாது.

அப்புறம் எதுக்கு அனுப்புறான்? காசு தர்றேன்னு சொல்றவனுக்கு என்ன லாபம்?

லாபம் முழுக்க அவனுக்குத்தான். முதல் ஈமெயிலில் காசு கேட்கமாட்டான். பெயர், வயது, விலாசம், போன் நம்பர் மட்டும் கேட்பான். நீங்கள் பதில் போட்டதும் வாழ்த்து வரும், சான்றிதழ் வரும், உங்கள் பெயர் அச்சடித்த காசோலையின் படம்கூட வரும். அதற்குப் பிறகுதான் 'ஒரு சின்னக் கட்டணம்'. தொகைகளை உதாரணத்துக்குச் சொல்கிறேன்: கோப்பு திறக்க 18,500 ரூபாய். கட்டினால் இரண்டு நாளில் இன்னொரு கடிதம், வரிச் சான்றிதழுக்கு 46,000. அதையும் கட்டினால் "உங்கள் பணம் விமான நிலையத்தில் நிற்கிறது, பயங்கரவாதத் தடுப்புப் பத்திரம் இல்லை, 120,000 கட்டுங்கள்" என்பான். பிறகு காப்புறுதி, பிறகு கூரியர், பிறகு வக்கீல் செலவு. ஒவ்வொன்றும் கடைசிக் கட்டணம் என்றுதான் வரும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? இருபது கோடி வரப்போகிறது என்று நம்புகிறவருக்கு இருபதாயிரம் பெரிதாகத் தெரியாது. மூன்று தடவை கட்டின பிறகு "இவ்வளவு கட்டிட்டோம், இப்ப விட்டா எல்லாம் போயிரும்" என்ற பயம் வேறு பிடித்துக்கொள்ளும். நாலாவது தடவை பணத்தை வெளியே இழுப்பது பெரும்பாலும் ஆசை இல்லை, அந்தப் பயம்தான். தோடு அடகுக்குப் போவதும், சீட்டுக் காசைக் கேட்டு வாங்குவதும் அந்தக் கட்டத்தில்தான்.

தந்திரம் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் கடிதங்கள் ஓடின. ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கக் கொஞ்சம் காசு அனுப்பினால் புதையலில் பங்கு தருவார் என்று எழுதுவார்கள். பின்னாளில் தபாலிலும் ஃபெக்ஸிலும் வந்து இப்போது ஈமெயிலில் வருகிறது. இதை '419' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் மோசடி பற்றிய பிரிவின் இலக்கம் அது. அதற்காக நைஜீரியாக்காரர்கள்தான் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எந்த நாட்டிலிருந்தும் வரும், கொழும்பிலிருந்தும் வரும்.

அந்தக் கட்டணத்தை பரிசுக் காசுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்கன்னு சொன்னா என்ன?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் நாட்டில் நிஜமாகவே பெரிய பரிசு விழுந்தால், வரி உண்டென்றால் அதைப் பரிசிலிருந்தே கழித்துவிட்டு மீதியைத்தான் தருவார்கள். வென்றவர் முதலில் காசு கொண்டுபோய்க் கட்டுகிற முறை கிடையாது. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் வாங்குகிறோமே, அதுவும் தோட்டம் நமக்குத் தந்துவிட்டுப் பிறகு சம்பளத்தில் கழிப்பதுதானே? முற்பணம் வாங்குவதற்கு முதலில் நீ ஐயாயிரம் கட்டு என்று காரியாலயத்தில் கேட்டால் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும்?

ஆகவே கடிதம் அழகாக இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மண்டையை உடைக்க வேண்டாம். காசு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். தருகிறேன் என்றவன் உங்களிடம் கேட்டால், அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

"கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அவன் என்ன பதில் போடுவான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பணம் உங்கள் பெயரில் காப்புறுதி செய்யப்பட்டுவிட்டது, ஒரு சதம்கூடத் தொட எங்களுக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை" என்பான். இதைக் கேட்டு ஆகா, எவ்வளவு நேர்மை என்று நினைத்தவர்களும் உண்டு.

லெட்டர்ல சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு, ஆபீசரோட பாஸ்போர்ட் படம்கூட அனுப்பியிருக்கார். இதெல்லாம் பொய்யா இருக்குமா?

சீலும் கையெழுத்தும் கணினியில் அரை மணித்தியால வேலை. என் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள். பாஸ்போர்ட் படம் இன்னும் மோசம். அது அநேகமாக இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவர் நம்பி அனுப்பியதாக இருக்கும். நாளைக்கு உங்கள் அடையாள அட்டைப் படம் இன்னொருவருக்கு இதே மாதிரிப் போகலாம்.

கொஞ்சம் யோசியுங்கள், மக்கள் வங்கியில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர் என்றைக்காவது தன் பாஸ்போர்ட்டை உங்களுக்குக் காட்டியிருக்கிறாரா? கேட்காமலே அத்தாட்சி காட்டுகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அனுப்பினவர் பேர்ல 'தேசிய லொத்தர் சபை'ன்னு தமிழ்லயே இருக்கே?

அந்தப் பெயரை அனுப்புகிறவரே விரும்பியபடி போட்டுக்கொள்ளலாம். நான் நினைத்தால் என் ஈமெயிலில் 'ஜனாதிபதி செயலகம்' என்று போட்டுக்கொள்ள முடியும். பார்க்க வேண்டியது பெயரை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் விலாசத்தை. போனில் என்றால் அந்தப் பெயரை ஒரு தடவை தொடுங்கள், முழு விலாசமும் விரியும். அரச சபையின் கடிதம் ஜிமெயில், யாஹூ விலாசத்திலிருந்து வந்தால் அங்கேயே முடிந்தது.

கொஞ்சம் தேர்ந்தவர்கள் சபையின் பெயரை விலாசத்துக்குள்ளேயே நுழைத்துவிடுவார்கள். அதற்கு ஒரு வழி: 'அட்' குறிக்குப் பின்னால் வருவதை வலப்பக்கக் கடைசியிலிருந்து வாசியுங்கள். தேசிய லொத்தர் சபையின் இணைய விலாசம் 'என்எல்பி டொட் எல்கே' என்று முடியும். வந்தது 'என்எல்பி டொட் எல்கே டொட் ப்ரைஸ் டொட் கொம்' என்று இருந்தால், அது 'ப்ரைஸ் டொட் கொம்' வைத்திருப்பவனுடையது. முன்னால் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்லை. அதோடு, பதில் எழுத 'ரிப்ளை'யை அழுத்திப் பாருங்கள், அனுப்ப வேண்டாம். வந்த விலாசம் ஒன்று, பதில் போகிற விலாசம் வேறொன்று என்றால் அதுவும் ஒரு அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. விலாசம் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் போலியாக இருக்கலாம், அல்லது உண்மையான ஒருவரின் கணக்கைத் திருடி அனுப்பியிருக்கலாம். விலாசம் பிழை என்றால் பொய் என்பது நிச்சயம். விலாசம் சரி என்றால் உண்மை என்பது நிச்சயமில்லை. மறுபடியும் காசு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கே வாருங்கள்.

இங்கிலீஷ் ஒரே பிழையா இருக்கு. இவ்வளவு பெரிய திருடனுக்கு ஒழுங்கா எழுதத் தெரியாதா?

தெரிந்துமே அப்படி எழுதலாம். கோர்மக் ஹெர்லி என்ற மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இலட்சக்கணக்கில் ஈமெயில் அனுப்புவதற்குச் செலவே இல்லை. பதில் போடுகிற ஒவ்வொருவரோடும் வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் சுதாரித்துக்கொள்கிறவரோடு பேசி நேரத்தை வீணாக்க முடியாது. கடிதம் நம்ப முடியாத மாதிரி இருந்தால் சந்தேகக்காரர்கள் முதலிலேயே ஒதுங்கிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்கள் கடைசிவரை வருவார்கள். அதுதான் அவர் சொன்ன கணக்கு.

ஆனால் "பிழை இருந்தால் பொய், பிழை இல்லாவிட்டால் உண்மை" என்று முடிவுகட்ட வேண்டாம். இப்போது மென்பொருளே நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கிறது. சுத்தமான தமிழில், 'அன்புள்ள பயனாளியே' என்று தொடங்கி 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்று முடிகிற கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து எழுதுவதாகச் சொல்லிவிட்டு 'லாட்டரி', 'போலீஸ்' என்று இந்திய எழுத்தில் இருந்தால் ஒரு சின்னச் சந்தேகம் வரலாம். அதைவிடப் பெரிய அத்தாட்சியாக அதை எடுக்க வேண்டாம்.

ஈமெயிலைத் திறந்து பார்த்துட்டேன். போன் கெட்டுப் போயிருமா?

வாசித்ததால் மட்டும் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஈமெயிலோடு இணைத்து அனுப்பிய கோப்பைத் திறந்தீர்களா, லிங்கை அழுத்தி எங்காவது பாஸ்வேர்ட் போட்டீர்களா என்பதுதான் விஷயம். பாஸ்வேர்ட் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டை வேறு இடத்தில் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். எதையோ இன்ஸ்டோல் செய்திருந்தால் போனைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

போன் நம்பர் +44ன்னு தொடங்குது. அது லண்டன் நம்பர்தானே?

+44 பிரிட்டனுடைய குறியீடுதான். ஆனால் அதற்குப் பின்னால் 70 என்று தொடர்ந்தால் அது வேறு சங்கதி. அந்த வகை நம்பருக்கு வருகிற அழைப்பை உலகத்தில் எந்தப் போனுக்கும் திருப்பிவிடலாம், எடுக்கிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இந்த மோசடிக்காரர்களுக்கு நெடுநாளாகப் பிடித்த நம்பர் அது. வட்ஸ்அப் நம்பரும் அப்படித்தான், நம்பரில் உள்ள நாட்டில்தான் ஆள் இருக்க வேண்டும் என்றில்லை.

நான் காசு எதுவும் கட்டல. அடையாள அட்டைப் படமும் பேங்க் புக் நம்பரும் மட்டும்தான் அனுப்பினேன். பிரச்சினை வருமா?

கணக்கு இலக்கத்தை மட்டும் வைத்து உங்கள் காசை எடுக்க முடியாது, காசு போடத்தான் முடியும். பயப்பட வேண்டியது அதற்கு அடுத்த படிக்கு. கார்ட் நம்பர், கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம், போனுக்கு வருகிற ஓடிபி, இதில் எதையாவது கொடுத்திருந்தால் இதை மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், முதலில் வங்கிக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். கார்டின் பின்னாலேயே நம்பர் இருக்கும்.

அடையாள அட்டைப் படம் போனது நல்லதில்லைதான். உங்கள் பெயரில் சிம் எடுக்கவோ, கணக்குத் திறக்கவோ, ஒன்லைனில் கடன் கேட்கவோ யாராவது முயற்சி செய்யலாம். அதனால் பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு அதன் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கும் சொல்லிவையுங்கள். பின்னால் உங்களுக்குத் தெரியாத கடன் ஒன்று உங்கள் பெயரில் முளைத்தால், முறைப்பாட்டில் உள்ள திகதி உங்களுக்காகப் பேசும்.

ஈமெயில் இல்ல மிஸ், ஃபேஸ்புக்ல பழக்கமான வெளிநாட்டுக்காரர். பார்சல்ல நகையும் டொலரும் அனுப்பினாராம். இப்ப கஸ்டம்ஸ்ல இருந்து ஒரு லேடி போன் பண்ணி 85,000 கட்டச் சொல்றாங்க.

லொத்தர் கடிதத்தின் தங்கைதான் இது, இப்போது நம் பக்கம் அக்காவைவிட இவளுக்குத்தான் ஓட்டம் அதிகம். பார்சலும் இல்லை, நகையும் இல்லை. போனில் பேசிய பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். சுங்கத் திணைக்களம் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கில் காசு போடச் சொல்லாது. இதைப் பற்றிச் சுங்கமே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நிஜமாகப் பார்சல் வந்து தீர்வை கட்ட வேண்டியிருந்தால் தபாலகத்திலிருந்து அறிவித்தல் வரும், கட்டினால் அரச பற்றுச்சீட்டு தருவார்கள்.

"இப்பவே கட்டாட்டி உங்க மேல கள்ளக்கடத்தல் கேஸ் போடுவோம்" என்ற மிரட்டலும் இதில் சேர்ந்து வரும். ஆசை காட்டி வராத காசைப் பயம் காட்டி வாங்குகிற வேலை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தங்கையோ மகளோ இருக்கிற வீடுகளில் இந்தப் பயம் நன்றாகவே வேலை செய்கிறது, நிஜமாகவே பார்சல் வருகிற வீடுகள் அவை. சந்தேகமாக இருந்தால் பார்சல் அனுப்பினது நீங்களா என்று அந்தப் பிள்ளையிடம், வழக்கமாகப் பேசுகிற நம்பரிலேயே கேளுங்கள்.

காசு போடச் சொன்ன கணக்கு இலங்கைக் கணக்குதான். பேரும் நம்ம ஆளுங்க பேர் மாதிரியே இருக்கு. அப்ப நம்பலாமா?

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அந்தப் பெயரில் ஒரு ஆள் நிஜமாகவே இருப்பார், ஆனால் மோசடிக்காரன் அவர் இல்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிட்டவராக இருக்கலாம். வேலை தருகிறோம், கணக்குத் திற என்று சொல்லி ஏமாற்றப்பட்ட பொடியனாகவும் இருக்கலாம். காசு விழுந்த சில நிமிடத்தில் வேறு யாரோ ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே உள்ளூர்க் கணக்கு என்பதை நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். பிரிட்டன் லொத்தர் ஏன் வெலிமடையில் இருக்கிற ஒருவரின் சேமிப்புக் கணக்கில் கட்டணம் வாங்குகிறது? இந்தக் கேள்விக்கு எந்த மோசடிக்காரனும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

காசு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்கன்னு சொன்னீங்க. ஆனா அவங்க முதல்ல என் கணக்குக்கு 50,000 போட்டாங்களே? எஸ்எம்எஸ்கூட வந்துச்சு.

முதலில் அந்த எஸ்எம்எஸ் வங்கியிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். ஏடிஎம்மில் மீதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். வைப்புச் சிட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவது ஒன்றும் அத்தாட்சி இல்லை. வெளிநாட்டுக் காசோலை தந்திருந்தால் அது வங்கியில் 'கிளியர்' ஆக நாளெடுக்கும். வங்கி முன்கூட்டியே கணக்கில் வரவு வைத்திருந்தாலும், காசோலை திரும்பிவிட்டால் அந்தத் தொகையை உங்களிடமே எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் 'கட்டணம்' என்று அனுப்பின காசு உங்கள் சொந்தக் காசாகத்தான் இருந்திருக்கும்.

நிஜமாகவே காசு விழுந்திருக்கிறது, அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்றால் இன்னும் ஆபத்து. மேலே சொன்ன அந்தக் கணக்குக்காரர் இப்போது நீங்கள்தான். அந்தக் காசு வேறொரு ஏமாந்தவருடையது. குற்றத்தில் வந்த காசைக் கைமாற்றி நல்ல காசாகக் காட்டுவதைத் தடுக்க 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் விசாரணை முதலில் உங்கள் லயத்து வாசலுக்குத்தான் வரும். அந்தக் காசைத் தொடாமல், யாருக்கும் அனுப்பாமல், வங்கி முகாமையாளரிடம் போய் எழுத்தில் சொல்லுங்கள்.

எங்க வீட்டுக்காரர் முழுசா நம்பிட்டார். நான் சொன்னா "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ங்கிறார். என்ன செய்றது?

உங்களைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஈமெயிலிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். 'வேறு யாரும் உரிமை கோராமல் இருக்க இரகசியமாக வைத்திருங்கள்' என்று ஒரு வரி அநேகமாக எல்லாக் கடிதத்திலும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் கேள்வி கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். அந்த வரியை அவருக்குக் காட்டுங்கள்.

"இவ்வளவு முட்டாளா நீங்க" என்று மட்டும் தொடங்காதீர்கள். படித்தவர்களும் மாட்டுகிறார்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் மாட்டுகிறார்கள். மகளின் உயர்தரப் படிப்பு, ஒழுகுகிற கூரை, மீட்க முடியாத அடகு என்று மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படியொரு கடிதம் வந்தால், அறிவு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். திட்டினால் அவர் உங்களுக்குத் தெரியாமல் கட்டுவார், அவ்வளவுதான்.

அவரோடு வாதாடாமல் ஒரு சோதனை வைக்கலாம். "சரி, உண்மைன்னே வச்சிக்குவோம். கட்டணத்தைப் பரிசிலயே கழிச்சுக்கச் சொல்லி எழுதுங்க, பதில் வரட்டும்" என்று சொல்லுங்கள் (நாலாவது கேள்வியைப் பார்க்கவும்). வரப்போகிற பதிலை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் அதையே எழுதும்போது, நீங்கள் பேசாமலே பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று, அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். "பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் கட்டுறேன்" என்று சொன்னால் மிரட்டத் தொடங்குவான். நிஜமான பரிசு ஒரு கிழமையில் ஓடிப்போகாது.

நான் ஏற்கெனவே கட்டிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அன்றைக்கே அசைந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. முதலில் வங்கி. ஒன்லைனில் அனுப்பின காசு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் அந்தப் பக்கத்தில் இன்னும் எடுக்காமல் இருந்தால், வங்கிகள் பேசி நிறுத்திவைக்க வழியிருக்கிறது. போனில் சொல்லிவிட்டு அடுத்த வேலை நேரத்தில் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். ஈசி கேஷ் மாதிரி போன் வழியாக அனுப்பியிருந்தால் அந்தந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் நம்பருக்கு அழையுங்கள்.

அடுத்தது உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எழுதுகிறவர் இல்லை என்று சொன்னால் நீங்களே தமிழில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதின தாளில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இணையக் குற்றங்களை விசாரிக்கக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 101க்கு அழையுங்கள், அது ஸ்ரீலங்கா சேர்ட் என்ற அரச நிறுவனத்தின் நம்பர்.

வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், அதுதான் பெரிய பிழை. ஈமெயிலை அப்படியே வைத்திருங்கள். ஸ்க்ரீன்ஷொட் மட்டும் போதாது, அது எந்த வழியாக வந்தது என்ற விவரம் மூல ஈமெயிலுக்குள்தான் இருக்கிறது. வட்ஸ்அப் பேச்சு, வைப்புச் சிட்டை, கணக்கு இலக்கம், அழைத்த நம்பர்கள் எல்லாவற்றையும் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள்.

போன காசை மீட்டுத் தர்றேன்னு இப்ப ஒரு வக்கீல் ஈமெயில் பண்ணியிருக்கார். என் பேரு, நான் கட்டின தொகை எல்லாம் சரியாச் சொல்றார். இவரை நம்பலாமா?

உங்கள் பெயரும் தொகையும் அவருக்கு எப்படித் தெரிந்தது? உங்களிடம் வாங்கினவனுக்குத்தானே தெரியும். ஒன்று, அதே ஆள் வேறு பெயரில் வந்திருக்கிறான். அல்லது ஏமாந்தவர்களின் பட்டியலை இன்னொரு கூட்டத்துக்கு விற்றிருக்கிறான். 'இன்டர்போல்', 'ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு நிதி' என்ற பெயர்களிலும் இதே கடிதம் வரும். அவரிடமும் நாலாவது கேள்வியைக் கேளுங்கள், மீட்ட காசிலிருந்து உங்கள் ஃபீஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. வரும் பதில் உங்களுக்குப் பழக்கமான பதிலாகத்தான் இருக்கும்.

ஒரு தடவை கட்டினவருக்கு ஈமெயில்கள் கூடுவதும் இந்தப் பட்டியலால்தான். பழைய ஈமெயில் விலாசத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பது பலருக்கு நிம்மதியாக இருக்கிறது.

சும்மா பதில் போட்டு அவனோட விளையாடினா என்ன மிஸ்? பொடியங்க செய்றாங்க.

செய்ய வேண்டாம். பதில் போனால் உங்கள் விலாசத்தில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு இது முழுநேர வேலை, உங்களுக்குப் பொழுதுபோக்கு.

அப்ப நிஜமாவே எனக்குப் பரிசு விழுந்தா எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும். சீட்டிழுப்பு முடிவு பத்திரிகையில் வரும், லொத்தர் சபைகளின் இணையத்தளத்தில் வரும், டிக்கட் விற்கிறவரிடமும் கேட்கலாம். சின்னப் பரிசை விற்கிறவரே தந்துவிடுவார். பெரியது என்றால் டிக்கட்டோடும் அடையாள அட்டையோடும் கொழும்பில் இருக்கிற சபையின் காரியாலயத்துக்குப் போக வேண்டும், பஸ் காசு மட்டும்தான் உங்கள் செலவு. போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முதல் நாள் சந்தோஷத்தில் டிக்கட்டைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள்.